ஹேக்கின்டாஷ் (மேக்ஓஎஸ் ஓடும் சாதாரண பிசி) மேம்படுத்தியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்: பூட்லோடர் முதலா, ஓஎஸ் முதலா?

பழைய_கேபினட்:

ஒன்பதாம் தலைமுறை ஐ7, இசட்390 போர்டு, ஆர்எக்ஸ் 580 கார்டு. மேக்ஓஎஸ் பிக் சர் 11.2-இல், ஓப்பன்கோர் என்ற பூட்லோடரின் (மெஷினைத் தொடங்கி ஓஎஸ்ஸை ஏற்றும் மென்பொருள்) 0.6 வரிசையோடு அசையாமல் ஓடிக்கொண்டிருந்த மெஷின். ஓடுகிற வண்டியை எதற்குக் கழற்ற வேண்டும் என்று நானும் கை வைக்காமலே இருந்தேன். அப்புறம் பிரவுசர், எடிட்டிங் மென்பொருள் எல்லாம் இந்த ஓஎஸ்ஸுக்கு இனிப் புதுப்பிப்பு இல்லை என்று ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. இடையில் இருந்த மேக்ஓஎஸ் பதிப்புகளான மான்டரே, வென்சுரா, சோனோமா மூன்றையும் தாண்டி நேராக செக்கோயாவுக்குப் போய்விட்டேன். எல்லாம் வேலை செய்கிறது. போன வழியை எழுதி வைக்கிறேன், உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

முதல் விஷயம், பூட்லோடரையும் ஓஎஸ்ஸையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். புது ஓப்பன்கோர் பழைய பிக் சரை எந்தத் தகராறும் இல்லாமல் பூட் செய்யும். பழைய ஓப்பன்கோருக்குத்தான் புது ஓஎஸ் தெரியாது. அதனால் பூட்லோடரும் கெக்ஸ்ட்களும் (மேக்ஓஎஸ்ஸுக்கான டிரைவர் மாதிரியான துணைக் கோப்புகள்) முதலில். அதே பிக் சரில் சவுண்ட், நெட், ஸ்லீப் எல்லாம் முன்பு மாதிரியே இருக்கிறதா என்று சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு ஓஎஸ்ஸுக்குப் போகலாம். இரண்டையும் சேர்த்து மாற்றினால், ஆப்பிள் லோகோவில் உறைந்து நிற்கும்போது எதைச் சந்தேகப்படுவது என்றே தெரியாது.

0.6-இலிருந்து 1.0 வரிசைக்கு வரும்போது பழைய கான்ஃபிக் ஃபைலை (ஓப்பன்கோரின் அமைப்புகள் எல்லாம் இருக்கும் பிளிஸ்ட் ஃபைல்) தட்டிக்கொட்டி நீட்டுவதில் பயனில்லை. நடுவில் அமைப்பே மாறிவிட்டது. உதாரணத்துக்கு டிரைவர் பட்டியல்: முன்பு வெறும் பெயர்கள் வரிசையாக இருக்கும். இப்போது ஒவ்வொரு டிரைவரும் தனிப் பதிவு, அதற்குள் பாத், எனேபிள்டு, ஆர்குமென்ட்ஸ் என்று உட்பிரிவுகள். நான் புதுப் பதிப்போடு வரும் சாம்பிள் பிளிஸ்ட்டை ஒரு பக்கமும் என் பழையதை மறுபக்கமும் ப்ராப்பர்ட்ரீ எடிட்டரில் திறந்து வைத்து, ஒவ்வொரு பகுதியாகப் புதியதில் நிரப்பினேன். இந்த மெஷின் எந்த மேக் மாடல் என்று ஓஎஸ்ஸிடம் சொல்லும் பிளாட்ஃபார்ம் இன்ஃபோ பகுதியை மட்டும் ஓர் எழுத்து மாறாமல் அப்படியே கொண்டுவர வேண்டும். சீரியல் எண், எம்எல்பி (மதர்போர்டின் சீரியல் எண்), யூயூஐடி, ரோம் என்று நான்கு உண்டு. இந்த ரோம் நினைவகம் இல்லை, நெட்வொர்க் கார்டின் முகவரியை எழுதுகிற இடம். இவை மாறினால் ஐகிளவுடும் ஐமெசேஜும் இதை வேறு கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொள்ளும். முடித்ததும் ஓசிவேலிடேட் என்ற சரிபார்ப்புக் கருவியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்த வரியில் என்ன குறை என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் நீங்கள் போடுகிற ஓப்பன்கோர் பதிப்போடு வந்த ஓசிவேலிடேட்டாக இருக்கட்டும், வேறு பதிப்பில் ஓட்டினால் அது சொல்வதற்கு மதிப்பில்லை.

நண்பர் ஒருவரின் மெஷினில் பார்த்தது: கருப்புத் திரை, அதில் ஒரே ஒரு வரி. இன்கம்பாட்டிபிள் ஓப்பன்ரன்டைம், இந்த எண் இருக்கிறது, அந்த எண் தேவை என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. ஓசி ஃபோல்டரில் ஓப்பன்கோர் ஃபைல் புதியது, டிரைவர்ஸ் ஃபோல்டரில் ஓப்பன்ரன்டைம் பழையது, அவ்வளவுதான் விஷயம். பூட் ஃபோல்டரில் இருக்கிற ஃபைல், ஓப்பன்கோர், ஓப்பன்ரன்டைம், பிக்கருக்கு (எந்த ஓஎஸ் என்று தேர்ந்தெடுக்கும் தொடக்கத் திரை) ஓப்பன்கேனபி போட்டிருந்தால் அது, எல்லாமே ஒரே ஜிப்பிலிருந்து வர வேண்டும். நோ ஸ்கீமா என்று தொடங்கும் வரிகள் கடகடவென்று ஓடினால் அது வேறு. கான்ஃபிக்கில் இருக்கும் ஏதோ ஒரு சாவி இந்தப் பதிப்புக்குத் தெரியாதது என்று பொருள்.

யூஎஸ்பி மேப் (எந்தெந்த போர்ட்டுகள் வேலை செய்ய வேண்டும் என்ற பட்டியல்) இல்லாதவர்கள் கவனியுங்கள். ஆப்பிளின் 15 போர்ட் வரம்பைத் தாண்ட எக்ஸ்எச்சிஐ போர்ட் லிமிட் என்று ஓப்பன்கோரில் ஒரு க்விர்க் (சிறப்பு அமைப்பு) உண்டு இல்லையா, 11.3 முதல் அது உதவாது. 11.2-இல் அதை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் மேலே போனால், இன்ஸ்டாலர் திரை வந்ததும் கீபோர்டும் மவுஸும் செத்துக் கிடக்க வாய்ப்பிருக்கிறது. பழைய ஓஎஸ்ஸில் இருக்கும்போதே மேப் செய்துவிடுங்கள்.

செக்கோயா ஏற்றியதில் சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் சில தடவை ரீஸ்டார்ட் ஆகும், ஒவ்வொரு தடவையும் பிக்கரில் மேக்ஓஎஸ் இன்ஸ்டாலர் என்ற பெயர் தெரிகிறவரை அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று காட்டிக்கொண்டு வெகுநேரம் நிற்கும். பவர் பட்டனைத் தொடாமல் எழுந்து போய்விடுங்கள்.

வைஃபை_தேடி:

வரிசை விஷயத்தில் நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன். ஆனால் நீங்கள் கேபிள் நெட் ஆள் போலிருக்கிறது, அதனால்தான் சுலபமாக முடிந்தது. என்னிடம் இருப்பது பிராட்காம் பிசிஎம்4360 கார்டு. ஒரு காலத்தில் ஹேக்கின்டாஷ்காரர்கள் தேடித் தேடி வாங்கிய கார்டு அது, உண்மையான மேக்குகளிலேயே இருந்த சிப். சோனோமாவோடு அந்த வரிசைக்கான ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது. வென்சுராவிலிருந்து சோனோமா ஏறியதும் வைஃபை ஐகானே இல்லை.

நீக்கப்பட்ட ஆதரவைத் திரும்பக் கொண்டுவரும் ஓப்பன்கோர் லெகசி பேட்ச்சர் என்ற மென்பொருள்தான் இதற்கு வழி. அதற்கு முன் கான்ஃபிக்கில் நிறைய வேலை: செக்யூர் பூட் மாடலை (பூட்டின்போது ஓஎஸ்ஸைச் சரிபார்க்கும் அமைப்பு) டிஸேபிள் செய்ய வேண்டும், எஸ்ஐபியை (சிஸ்டம் கோப்புகளைக் காக்கும் பாதுகாப்பு) கொஞ்சம் தளர்த்த வேண்டும், ஓஎஸ்ஸோடு வரும் ஐஓஸ்கைவாக்ஃபேமிலி கெக்ஸ்ட்டைத் தடுத்து அதன் பழைய பதிப்பை ஏற்ற வேண்டும், கூடவே ஐஓ80211 லெகசி, ஏஎம்எஃப்ஐபாஸ் என்ற கெக்ஸ்ட்களும் வேண்டும். பிறகு பேட்ச்சரைத் திறந்து ரூட் பேட்ச், அதாவது சிஸ்டம் வால்யூமிலேயே மாற்றம். வைஃபை திரும்பி வந்தது, ஏர்டிராப் உட்பட.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ரூட் பேட்ச் போட்டதும் சிஸ்டம் வால்யூமின் முத்திரை (அது மாற்றப்படவில்லை என்பதற்கான அடையாளம்) உடைந்துவிடுகிறது. அதன்பின் சின்னப் புள்ளிப் பதிப்பு வந்தாலும் முழு இன்ஸ்டாலரும், அதாவது பத்து ஜிபிக்கு மேல், இறங்கும். இறங்கி ஏறி முடிந்ததும் பேட்ச் போயிருக்கும், வைஃபையும் போயிருக்கும். மறுபடி பேட்ச் போட நெட் வேண்டுமே! அதனால் பேட்ச்சரை டிஸ்க்கிலேயே வைத்திருங்கள், ஒரு ஈத்தர்நெட் கேபிளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். என்னைக் கேட்டால், புதிதாகக் கார்டு வாங்கப் போகிறவர்கள் இப்போது அந்த பிராட்காம் வேண்டாம்.

மொஹாவி_விடாதவன்:

இன்டெல் வைஃபை இருப்பவர்களுக்கு: செக்கோயாவில் ஐடிஎல்டபிள்யூஎம் கெக்ஸ்ட்டும் ஹெலிபோர்ட் ஆப்பும் போதும், ரூட் பேட்ச் தேவையில்லை. ஏர்டிராப் கிடைக்காது.

என் கதை வேறு. 32 பிட் மென்பொருள் ஒன்றுக்காக இரண்டாவது டிஸ்க்கில் மொஹாவி வைத்திருக்கிறேன், 32 பிட் ஓடுகிற கடைசிப் பதிப்பு அதுதானே. ஓப்பன்கோரைப் புதுப்பித்ததும் பிக்கரில் மொஹாவி டிஸ்க்கே காணோம். டிஸ்க் போய்விட்டது என்று கதி கலங்கிப்போனேன். செக்கோயாவுக்குள் போய்ப் பார்த்தால் டிஸ்க் யூட்டிலிட்டியில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. விஷயம் என்னவென்றால், புது ஓப்பன்கோர் இயல்பாக பிக் சர் காலத்து ஏபிஎஃப்எஸ் (ஆப்பிளின் டிஸ்க் ஃபைல் அமைப்பு) டிரைவரையும் அதற்குப் பிந்தியதையும் மட்டுமே ஏற்றும். கான்ஃபிக்கின் யூஇஎஃப்ஐ பகுதியில் ஏபிஎஃப்எஸ்ஸின் கீழே மின் டேட், மின் வெர்ஷன் இரண்டிலும் கழித்தல் 1 போட்டதும் மொஹாவி தெரிந்துவிட்டது.

இன்னொன்று, என்விராம் (பூட் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் போர்டின் நினைவகம்) ரீசெட் பிக்கரில் இல்லையே என்று தேடுகிறவர்களுக்கு: இப்போது அது ரீசெட்என்விராம்என்ட்ரி என்ற தனி டிரைவர். அதை ஃபோல்டரில் போட்டு கான்ஃபிக்கிலும் சேர்க்க வேண்டும். துணைப் பதிவுகளை மறைத்து வைத்திருந்தால் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் தெரியும்.

சத்தமில்லா_டஹோ:

நான் ஒரு படி மேலே போய் டஹோ 26 போட்டவன். இன்டெல் மேக்குகளுக்கு இதுதான் கடைசி என்று ஆப்பிளே 2025-இல் சொல்லிவிட்டது, கடைசியையும் பார்த்துவிடலாமே என்ற ஆசை.

பழைய_கேபினட் மாதிரி பிளாட்ஃபார்ம் இன்ஃபோவில் மாடலை ஐமேக் 19,1 என்று வைத்திருப்பவர்களுக்கு டஹோ ஆதரவு பட்டியலில் இடமில்லை. நான் ஐமேக் 20,1 ஆக மாற்றினேன். மாற்றிய கையோடு கீபோர்ட் போயிற்று! யூஎஸ்பி மேப் கெக்ஸ்ட்டின் இன்ஃபோ பிளிஸ்ட்டுக்குள் மாடல் பெயர் எழுதியிருக்கும். அங்கே 19,1 என்றே இருந்ததால் மேப் ஏறவே இல்லை. அதைத் திருத்தியதும் சரியாகிவிட்டது. 20,1 என்பது டி2 சிப் (ஆப்பிளின் பாதுகாப்புச் சிப்) உள்ள மாடல் வேறு. செக்யூர் பூட் மாடல் டிஸேபிளில் இருந்தால் புதுப்பிப்பே காட்டாது. ரெஸ்ட்ரிக்ட்ஈவென்ட்ஸ் கெக்ஸ்ட்டோடு ரெவ்பேட்ச் ஈக்வல் எஸ்பிவிஎம்எம் என்ற பூட் ஆர்குமென்ட் போட்டால் காட்டும்.

சத்தம்? இல்லை. டஹோவில் ஆப்பிள்எச்டிஏ என்ற சவுண்ட் டிரைவர் நீக்கப்பட்டுவிட்டது. நாம் சவுண்டுக்குப் போடும் ஆப்பிள்ஏஎல்சி கெக்ஸ்ட் அதன் மேல் ஏறித்தான் வேலை செய்யும், ஏற ஆள் இல்லையென்றால் அதுவும் சும்மாதான். ரூட் பேட்ச்சால் பழையதைத் திரும்பக் கொண்டுவரலாம், எனக்கு முத்திரையை உடைக்க மனமில்லை. யூஎஸ்பி டிஏசி (வெளியே செருகும் சவுண்ட் கருவி) ஒன்றைச் செருகி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், குறையில்லை. வேலைக்காக மெஷின் வைத்திருப்பவர்கள் செக்கோயாவிலேயே இருக்கலாம் என்பது என் எண்ணம்.

புதுவரவு:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் அண்ணா, புது ஈஎஃப்ஐ ஃபோல்டரை (ஓப்பன்கோர் கோப்புகள் எல்லாம் இருப்பது) டிஸ்க்கில் போடாமலே சோதிக்க முடியுமா? நேராக டிஸ்க்கில் மாற்றக் கை நடுங்குகிறது.

பழைய_கேபினட்:

முடியும் தம்பி, அப்படித்தான் செய்ய வேண்டும். பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, ஈஎஃப்ஐ ஃபோல்டரை அதன் மேல்மட்டத்திலேயே வையுங்கள், வேறு ஃபோல்டருக்குள் வேண்டாம். போர்டின் பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க்கில் இருக்கும் பழைய ஓப்பன்கோர் தொடப்படாமல் இருக்கும். பூட் ஆகாவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், பழையபடி வந்துவிடும். என்விராம் மட்டும் இரண்டுக்கும் பொது, போர்டில் இருப்பது. அதனால் பென்டிரைவுக்கு மாறும்போது ஒரு தடவையும் திரும்பி வரும்போது ஒரு தடவையும் ரீசெட் கொடுங்கள், அதற்கான டிரைவரைப் பென்டிரைவிலும் சேர்த்துவிடுங்கள். திருப்தியானதும் டெர்மினலில் டிஸ்க்யூட்டில் லிஸ்ட் போட்டு எது டிஸ்க்கின் ஈஎஃப்ஐ, எது பென்டிரைவ் என்று பார்த்து மவுன்ட் செய்யுங்கள். பழைய ஃபோல்டரை வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்த பிறகு புதியதைப் போடுங்கள். டிஸ்க்கில் மாற்றிவிட்டோமே என்று பென்டிரைவை அழிக்க வேண்டாம், செக்கோயா இன்ஸ்டால் முடிகிறவரை அது கையில் இருக்கட்டும்.