ஜெலுத்தோங் (பினாங்கு, மலேசியா) குடியிருப்பாளர் குழு: செயலியால் மட்டும் திறக்கும் வாசல் வேண்டுமா?

குணசேகரன்: அனைவருக்கும் வணக்கம். நுழைவாயில் அட்டைகளை நிறுத்திவிட்டுத் திறன்பேசிச் செயலி வழியாக மட்டுமே வாசலைத் திறப்பது, பராமரிப்புக் கட்டணத்தைக் கியூஆர் வழியாக மட்டுமே பெறுவது என்ற இரண்டையும் நிர்வாகக் குழு பரிசீலித்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திற்கு முன் உங்கள் கருத்துகளை இங்கே எழுதுங்கள்.

அருள்: நான் ஆதரிக்கிறேன், அண்ணா. தொலைந்த அட்டை யார் கையில் இருக்கிறது என்பது தெரிவதில்லை. செயலியிலோ அனுமதியை உடனே முடக்கிவிடலாம். வருங்காலத்தில் மின்தூக்கி, மின்மீட்டர், தண்ணீர்த்தொட்டி எல்லாமே இணையத்தோடு இணைந்துவிடும்.

செல்வராணி டீச்சர்: தம்பி அருள், வசதியை நான் மறுக்கவில்லை. மோசடிகளைத் தடுப்பதற்காக 2022 செப்டம்பரில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவெண்ணைக் (OTP) கைவிடவும், ஒரு வாடிக்கையாளர் ஒரே சாதனத்திலிருந்து மட்டும் ஒப்புதல் அளிக்கவும் வங்கிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அறிவித்தது. அது அவசியமான பாதுகாப்புதான். ஆனால் எனக்குத் தெரிந்த சில வீடுகளில், திறன்பேசி பழகாத பெற்றோரின் கணக்கு அதன்பின் பிள்ளையின் கைப்பேசிக்குள் போய்விட்டது. தம் சொந்த ஓய்வூதியத்திலிருந்து ஐம்பது ரிங்கிட் அனுப்பக்கூட, மகன் வேலை முடிந்து வரும்வரை அவர்கள் காத்திருக்கிறார்கள். நாளை நம் வாசலும் அதே கைப்பேசிக்குள் போனால், காலையில் மார்க்கெட்டுக்குப் போய்வரவும் அவர்கள் இன்னொருவரின் தயவை நாட வேண்டியிருக்கும். இணையம் வளர வளர வீட்டுப் பெரியவர்களின் சுதந்திரம் குறைவதை நான் ஏற்கமாட்டேன்.

சிவநேசன்: செயலி பயன்படுத்தாதவர்களுக்கு விரல்ரேகைக் கருவி வைக்கலாமே?

பரமேஸ்வரி: என் மாமியார் இளமை முழுவதும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தேய்ந்துபோன அவருடைய ரேகையை எந்தக் கருவியும் எளிதில் ஏற்பதில்லை. அட்டை இருந்தால் அவரே தனியாகப் போய்வருவார்.

அருள்: டீச்சர் சொல்வது நியாயம். இன்னொன்றையும் சேர்க்கிறேன். 2021 இறுதியில் நாட்டில் 3ஜி என்ற பழைய கைப்பேசி இணையச் சேவை நிறுத்தப்பட்டபோது, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கைப்பேசிகள்கூட இணையத்துக்குப் பயனற்றுப் போயின. கருவி பழுதாகாமலேயே அதன் காலம் முடிந்துவிடலாம். செயலியை நடத்தும் நிறுவனமும் ஒருநாள் மூடப்படலாம். ஆகவே அனுமதிப் பட்டியலை வாசலில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே சேமித்து, இணைப்பு அறுந்தாலும் வாசலைத் திறக்கும் அமைப்பைத்தான் நாம் கேட்க வேண்டும். அத்தகைய அமைப்புகள் சந்தையில் இருக்கின்றன.

சிவநேசன்: யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் வீட்டுக்கு யார் வந்தார் என்ற விவரங்கள் எவ்வளவு காலம் வைக்கப்படும்? தேவைக்கு மேல் தனிநபர் தரவை வைத்திருக்கக் கூடாது என்று 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. அழிக்கும் காலக்கெடு ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

குணசேகரன்: நன்றி. செயலியோடு அட்டையும் தொடர வேண்டும், இணைப்பு இல்லாதபோதும் வாசல் திறக்க வேண்டும், வருகைப் பதிவை அழிக்கும் காலக்கெடு குறிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு புதிய விலைப்புள்ளி கேட்கும் தீர்மானத்தை ஞாயிறன்று முன்வைக்கிறேன். கட்டணத்தை ரொக்கமாகச் செலுத்த விரும்புவோருக்கு அலுவலக முகப்பும் திறந்திருக்கும்.

பரமேஸ்வரி: ரொக்கம் செலுத்துபவருக்கு அச்சிட்ட ரசீதும் கையோடு கிடைக்க வேண்டும் என்பதைத் தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள், அண்ணா.