டாம் ஃபின்னி: அவரை ஞாபகப்படுத்திய சந்திப்பு உங்களுக்கு எது?

டீப்டேல்_மழை:
இங்கிலாந்தின் பிரஸ்டன் நார்த் எண்ட் கிளப்புக்கு ஆடிய கால்பந்து வீரர் ஃபின்னி யாரென்று இங்கே பலருக்கும் தெரியும். பிரஸ்டனுக்குப் படிக்க வந்த முதல் அக்டோபர். அந்தக் கிளப்பின் டீப்டேல் மைதானத்து வாசலில் ஃபின்னியின் சிலை, அதான், தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு சறுக்குவாரே. 1956-ல் லண்டனில் செல்சி கிளப்பின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானம் மழையில் குளமாகிக் கிடந்தபோது எடுத்த போட்டோவைப் பார்த்துச் செய்தது. பக்கத்தில் நின்ற தாத்தா, சிலையோடு ஒரு படம் எடுக்கச் சொன்னார். அவரிடம் போன் இல்லை, என்னுடையதில் எடுத்தேன். எடுக்கப்போகும் நேரம் பார்த்து கையுறையைக் கழற்றி, பீய்ச்சும் தண்ணீருக்குள் கையை விட்டார். அந்தக் குளிரில்! 1960-ல் ஃபின்னியின் கடைசி ஆட்டத்தை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். "அடுத்த வருஷமே டீம் கீழ் டிவிஷனுக்குப் போயிடுச்சு" என்று ஏதோ சொந்த வீட்டுக் கடன் போலச் சொன்னார். முகவரி வாங்குவதற்குள் பஸ் வந்துவிட்டது. படம் இன்னும் என்னிடம்தான்.

குழாய்க்காரன்:
நான் லங்காஷயரில் பிளம்பர். ஒரு பாட்டி வீட்டில் பாய்லர் வேலை. "சனிக்கிழமை ஆடுவாயா?" என்று கேட்டார். "ஆடுவேனே, கிரிக்கெட்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் டீ சாஸரில் கொட்டியது. பாட்டி கேட்டது ஃபின்னியை நினைத்து. இங்கிலாந்துக்கு 76 ஆட்டம் ஆடி, 30 கோல் அடித்த அந்த மனிதர் பிளம்பர் தொழிலையும் விடவில்லை என்பது வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் தெரிந்தது. இத்தாலி கூப்பிட்டும் போகாதவர். ஊர்ப்பாசம்.

இடது_விங்:
தம்பி, பாசத்தை விடுங்கள். 1952-ல் இத்தாலியின் பலெர்மோ கிளப் அவருக்குத் தர முன்வந்தது கையில் 10,000 பவுண்டு, மாதம் 130, வீடு, கார். இங்கே சம்பள உச்சவரம்பு வாரம் 14 பவுண்டு. வேண்டாம் என்றது பிரஸ்டன் கிளப். அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கிளப் கையில் இருந்தது. அது விடாமல் வேறு கிளப்புக்கு ஆட முடியாமல் இருந்தது. அந்த உச்சவரம்பு போனது 1961-ல், அவர் ஓய்வுபெற்ற மறு வருடம்! பிளம்பர் பையைத் தூக்கியதற்குக் காரணம் இதில் இருக்கிறது.

என் அனுபவம் சின்னது. ஒரு பெரியவர் 1954 எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்து கிளப்புகளின் கோப்பை) இறுதிப்போட்டியின் புத்தகத்தைக் காட்டினார். வெஸ்ட் பிராம் 3, பிரஸ்டன் 2. பென்சிலில் எழுதிய அந்த 3-ஐ அடித்து அடித்துத் தாளே கிழிந்திருந்தது.

சரி, பிள்ளைகளைக் கால்பந்து கிளப்புகளின் பயிற்சி அகாடமியில் சேர்த்திருப்பவர்களுக்கு ஒன்று. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். பாதியில் விலகினால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். ‘பெரிய கிளப் சார், நம்பலாம்’ என்பவரை நம்ப வேண்டாம். கோச்சிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் வக்கீலிடம் கேளுங்கள். பையன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் படிப்போ கைத்தொழிலோ ஒன்று கூடவே ஓடட்டும். பூட்ஸுக்கு 200 பவுண்டு கொடுக்கிறீர்கள், அதில் பாதியை...

குழாய்க்காரன்:
அண்ணே, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

டீப்டேல்_மழை:
போன சனிக்கிழமை படத்தை பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு சிலையடியில் இரண்டு மணி நேரம் நின்றேன். அந்தத் தாத்தா வரவில்லை. அடுத்த ஹோம் மேட்ச் எப்போது என்று யாராவது சொல்லுங்கள்.