சோஃபாவில் பேஸ் இல்லை, பின்சுவரில் கும்மென்று அடைக்கிறது: சப்வூஃபர் செட்டிங் உதவி

கேள்வி:
10 அங்குல பவர்டு சப்வூஃபர் (ஆம்ப் உள்ளேயே இருக்கும், ஆழமான பேஸுக்கான ஸ்பீக்கர்), ஏவி ரிசீவரின் சப் அவுட்டிலிருந்து ஒரே ஆர்சிஏ கேபிளில் இணைத்திருக்கிறது. அறை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். சப் முன்மூலையில், சோஃபா நீளவாக்கில் சரியாக நடுவில். உட்கார்ந்தால் ஆழமான பேஸே கேட்பதில்லை. எழுந்து பின்சுவர் பக்கம் போனால் காது அடைக்கிறது. சப்பின் ஒலி அளவைக் கூட்டும் கெயினைக் கூட்டினால் ஒருசில சுரங்கள் மட்டும் பெரிதாகின்றன. கிராஸ்ஓவர் (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போகும் என்ற எல்லை) சப்பிலும் 80, ரிசீவரிலும் 80. ஃபேஸ் (சப்பின் அலை மற்ற ஸ்பீக்கர்களோடு ஒத்துவர வைக்கும் அமைப்பு) 0. எதை முதலில் மாற்றுவது?

பதில் 1:
கெயினைத் தொடாதீர்கள், சோஃபாவை நகர்த்துங்கள். 5 மீட்டர் நீளத்துக்கு முதல் நிலை அலை (சுவர்களுக்கு இடையே எதிரொலித்து ஓரிடத்தில் நிற்கும் ஒலி அலை) சுமார் 34 ஹெர்ட்ஸில் வரும். இரண்டு சுவர்களிலும் அதன் அழுத்தம் உச்சம்; நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நீங்கள் உட்காருவது அங்கேதான். அதே இடத்தில் 68 ஹெர்ட்ஸ் உச்சத்தில் இருக்கும், சில சுரங்கள் மட்டும் துருத்துவது அதனால்தான். ஈக்வலைசரில் 34-ஐத் தூக்கினாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது, ஆம்ப்தான் திணறும். 60–70 செ.மீ. பின்னால் தள்ளிப் பாருங்கள்.

அடுத்து சப்பின் இடம். சப்பைத் தூக்கி சோஃபா மேலேயே வைத்து, பேஸ் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரம் குனிந்தபடி நகர்ந்து கேளுங்கள். எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்கிற இடம்தான் சப்புக்கு உரிய இடம். மூலை சத்தத்தைக் கூட்டித் தரும், ஆனால் சீராகத் தராது.

பதில் 2:
கிராஸ்ஓவரை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது. இரண்டு ஃபில்டரும் சேர்ந்து 80-க்கு அருகில் பள்ளம் விழும், ஃபேஸும் திரும்பிவிடும். சப்பில் எல்எஃப்இ நிலை (சப்பின் சொந்த ஃபில்டரை விலக்கும் அமைப்பு) இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் சப்பின் கிராஸ்ஓவர் திருகை முழுசாக ஏற்றிவிடுங்கள். ரிசீவரில் ஸ்பீக்கர்கள் ‘ஸ்மால்’ (அவற்றின் ஆழமான பேஸை சப்புக்கு அனுப்பும் அமைப்பு), கிராஸ்ஓவர் 80. முன் ஸ்பீக்கரின் வூஃபர் 4 அங்குலம்தான் என்றால் 100.

ஃபேஸுக்கு, முன் ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து ஒலிக்கும்படி 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, இன்னொருவரை 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். சோஃபாவில் எது அதிகமாகக் கேட்கிறதோ அதுவே சரி. ஆட்டோ காலிபரேஷன் (ரிசீவர் மைக் வழியாகத் தானே அளந்து செட் செய்வது) சப்பின் தூரத்தை டேப்பில் அளந்ததைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்தாதீர்கள். சப்பின் உள் சர்க்யூட்டில் ஆகும் தாமதத்தையும் சேர்த்த கணக்கு அது.

கேள்வி கேட்டவர்:
சோஃபாவை நகர்த்தியதும் நல்ல வித்தியாசம், நன்றி. பாட்டு ஓடாதபோதும் சப்பில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் இருக்கிறது. ஆர்சிஏவைக் கழற்றினால் நின்றுவிடுகிறது.

பதில் 3:
கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைவதால் வரும் உறுமல். சப்பையும் ரிசீவரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் டிவி கேபிளின் கோஆக்ஸைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் அந்த லைனுக்கு ஐசொலேட்டர் (எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சிறு கருவி) போட்டால் போதும். எர்த் பின்னை மட்டும் எடுத்துவிடாதீர்கள், ஷாக் அடிக்கும் ஆபத்து. ஆர்சிஏவில் போடும் மலிவான ஐசொலேட்டர் ஆழமான பேஸையே வெட்டிவிடும்.

கெயின் கடைசி வேலை. பாதியில் வைத்துக் காலிபரேஷன் ஓட்டுங்கள். ரிசீவரில் சப் லெவல் கீழ் எல்லையான -12 டெசிபலில் போய் முட்டினால் கெயினைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். 0-வுக்கும் -6-க்கும் நடுவே வந்தால் சரி.