சியாங் மாயில் கணக்கு வகுப்பு எடுக்கலாமா?

குழு: மதுரை வீடு

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். இங்கே தாய்லாந்தில், சியாங் மாயில் நம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி இருக்கிறது. கணக்கு ஆசிரியர் பாதியில் நின்றுவிட்டாராம். நான் கணக்கு வாத்தியார் என்று தெரிந்து வாரம் மூன்று நாள் வரச் சொல்கிறார்கள். திங்கட்கிழமையே தொடங்கலாமாம். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

செல்வி அத்தை: போங்கண்ணா! வகுப்பறை இல்லாமல் உங்களுக்குப் பொழுதே போகாது.

பாலு மாமா: நல்ல செய்தி அத்தான். சம்பளத்தை ரொக்கமாகக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியப்போவதில்லை.

வித்யா அக்கா: பெரியப்பா, தயவுசெய்து திங்கட்கிழமை போகாதீர்கள். பாங்காக்கில் எங்கள் கம்பெனி வெளிநாட்டு ஊழியர்களின் விசா, பர்மிட் வேலையை நான்தான் பார்க்கிறேன், அதனால் அடித்துச் சொல்கிறேன். நீங்கள் இருப்பது ஓய்வு விசாவில். 50 வயது தாண்டியவர் வங்கியில் 8 லட்சம் பாட் காட்டியோ, மாதம் 65,000 பாட் வருமானம் காட்டியோ இங்கே வாழலாம். வேலை செய்ய அதில் அனுமதி இல்லை. பகுதி நேரம் என்றாலும் இல்லை.

வித்யா அக்கா: பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம். நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள், இரண்டு வருடத்துக்கு வேலை பர்மிட்டும் கிடைக்காது. பள்ளிக்கும் ஆளுக்கு 10,000 முதல் 1 லட்சம் வரை போடுவார்கள். மாமா, ரொக்கமாக வாங்கினால் கணக்கில் வராதுதான். ஆனால் வகுப்பறையில் நிற்கும் ஆளை எப்படி மறைப்பது?

பெரியப்பா: சம்பளமே வேண்டாம், பிள்ளைகளுக்காகச் சும்மா எடுக்கிறேன் என்றால்?

வித்யா அக்கா: அதுவும் கூடாது பெரியப்பா. தொண்டு நிறுவனங்களுக்குச் சம்பளமில்லாமல் உழைக்க வருகிறவர்களே அதற்கென்று தனி விசாவும் பர்மிட்டும் எடுத்துத்தான் வருகிறார்கள்.

கதிர்: அப்படியானால் பெரியப்பா வீட்டிலிருந்தே மதுரைப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் டியூஷன் எடுக்கலாமே அக்கா?

வித்யா அக்கா: நல்ல கேள்வி. வெளிநாட்டு வேலையை இங்கே உட்கார்ந்து செய்பவர்களுக்காகவே 2024 ஜூலையில் டிடிவி என்று ஒரு விசா கொண்டுவந்தார்கள். ஐந்து வருடம் செல்லும், ஒரு தடவை வந்தால் 180 நாள் தங்கலாம், 5 லட்சம் பாட் இருப்பு காட்ட வேண்டும். ஆனால் அதை எடுத்தால் ஓய்வு விசாவை விட வேண்டும், தாய்லாந்துப் பள்ளியிலும் வேலை செய்ய முடியாது. எல்டிஆர் என்று பத்து வருட விசாவும் உண்டு. அதில் ஓய்வு பெற்றவரும் வேலை பர்மிட் கேட்கலாம். வருடம் 80,000 டாலர் வருமானம் வேண்டும், முதலீடு செய்தால் 40,000 போதும். நம் ஓய்வூதியத்துக்கு அந்த இரண்டு தொகையுமே எட்டாது.

செல்வி அத்தை: அப்போ வழியே இல்லையா? பாவம் அண்ணா.

வித்யா அக்கா: இருக்கிறது அத்தை, நேர் வழியே இருக்கிறது. பள்ளி முதலில் எழுத்தில் வேலை தர வேண்டும். பெரியப்பா நான்-பி என்கிற வேலைக்கான விசாவுக்கு மாற வேண்டும், அப்புறம் தொழிலாளர் துறையில் வேலை பர்மிட். ஆசிரியர் என்பதால் குருசபா என்கிற தாய்லாந்து ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக அனுமதியோ தேவை. பட்டச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். நான்-பி விசாவை வெளிநாட்டிலுள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் எடுப்பதுதான் வழக்கம். சென்னையிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது, ஊருக்கு வரும்போது முடித்துக்கொள்ளலாம்.

பெரியம்மா: வித்யா, எனக்கு என்ன ஆகும்? நான் இவருடைய விசாவைத் தொட்டுத்தானே இருக்கிறேன்?

வித்யா அக்கா: இதைத்தான் பெரியம்மா சொல்ல வந்தேன், நீங்களே கேட்டுவிட்டீர்கள். அவருடைய ஓய்வு விசா போனால் அதை நம்பியிருக்கும் உங்களுடையதும் போய்விடும். அவர் நான்-பிக்கு மாறும்போது நீங்களும் அவருடைய துணைவியாராகப் புதிதாக எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள். இன்னொன்று, வேலை முடிகிற அன்றே நான்-பி நீட்டிப்பும் முடிந்துவிடும். மறுபடி ஓய்வு விசாவுக்கு வர வேண்டுமானால் அந்த 8 லட்சம் விண்ணப்பத்துக்கு முன்பே இரண்டு மாதம் வங்கியில் கிடக்க வேண்டும். அதனால் சம்பளம் வருகிறதே என்று அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள்.

பாலு மாமா: இவ்வளவு இருக்கிறதா? நான் சொன்னதை விட்டுவிடுங்கள் அத்தான். என் அக்காவையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள் என்றால் எதற்கு வம்பு.

பெரியப்பா: சரிம்மா. திங்கட்கிழமை வரவில்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பள்ளியிடம் என்ன கேட்க வேண்டும்?

வித்யா அக்கா: இரண்டே கேள்வி. இதற்கு முன் வெளிநாட்டு ஆசிரியருக்கு வேலை பர்மிட் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்களா? இந்தத் தடவை பள்ளி தர வேண்டிய காகிதங்களை யார், எப்போது தருவார்? "முதலில் வாருங்கள், பர்மிட் பிறகு பார்க்கலாம்" என்று சொன்னால் அந்தப் பள்ளியே வேண்டாம் பெரியப்பா.

செல்வி அத்தை: அண்ணா, உங்கள் பிஎஸ்சி, பிஎட் சான்றிதழ் இரண்டும் இங்கே பீரோவில்தான் இருக்கின்றன. நாளைக்கு ஸ்கேன் செய்து அனுப்பட்டுமா?

பெரியப்பா: அனுப்பும்மா. பள்ளி என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு எழுதுகிறேன்.