புதுப்பிப்பு: தேய்ந்த நடுகல் வட்டெழுத்து படத்தில் விழுந்தது

அஞ்செட்டிக் காட்டு நடுகல்லின் (வீரர் நினைவுக் கல்) வட்டெழுத்து, அதாவது பழந்தமிழ் எழுத்து, படத்தில் தெரியவில்லை, எப்படி எடுப்பது என்று நம் நல்கை (நிதியுதவி) ஆய்வுக்காக முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கல் இருக்கும் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தில் எங்கள் அனுமதி பகலுக்கு மட்டும் என்பதால் இரவுப் படம் கூடவில்லை. கைகொடுத்தது கறுப்புத் தார்ப்பாய் யோசனைதான். கல்லை மூடி இருட்டாக்கி, கேமராவை முக்காலியில் நிறுத்தி, டார்ச்சைக் கல்பரப்பை உரசுவதுபோல் 10–15 பாகையில் பிடித்தோம். ஒரே பக்கம் ஒளி விழுந்தால் அந்தத் திசையில் ஓடும் கோடுகள் மறைந்துவிடும். எட்டுத் திசையிலும் ஒவ்வொரு படம் வேண்டும்.

எதிர்பாராதது பூசை எண்ணெய். தடவிய இடமெல்லாம் பளபளத்தது. லென்ஸில் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) போட்டதும் குறைந்தது. சாக்பீஸ், மாவு தயவுசெய்து வேண்டாம். கல்லின் துளைகளில் தங்கிவிடும்.