கடையும் நடக்கணும், நாமும் வாழணும்: எந்த ஏற்பாடு நிக்குது?

கேள்வி
தொழில் ஒரு நிலைக்கு வந்தப்புறம் தூங்கிக்கலாம்னு தள்ளிப்போடாம, இப்பவே ஒழுங்கா வாழ என்ன வழி? சொந்தக் கதை, தத்துவம் ரெண்டும் வேண்டாம். என்ன ஏற்பாடு, அது எங்கே உடையுது, அதை மட்டும் எழுதுங்க.

அம்பத்தூர் லேத்
எங்க லேத் பட்டறையில ராத்திரி ஒன்பது வரைக்கும் ஷட்டரைத் திறந்தே வைக்கிறது முக்கால்வாசி "அர்ஜென்ட்" ஜாப்தான். மறுநாளே டெலிவரின்னா 25 சதவீதம் கூடன்னு கொட்டேஷன்லயே போட்டுடுங்க. போன்ல வாய்வார்த்தையா சொன்னா பில் பாஸ் பண்றப்போ அதை வெட்டிடுவாங்க, பி.ஓ.வில் (கம்பெனி கொடுக்கிற ஆர்டர் சீட்டு) தனி வரியா வரணும். ரேட் வந்த பிறகு பாருங்க, பாதி அர்ஜென்ட் தானாவே அடுத்த வாரத்துக்குப் போயிடும்.

அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பெரும்பாலும் காலை 9லிருந்து மதியம் 2 வரை, முன்னாடியே அறிவிப்பும் வந்துடும். அன்னைக்கு ஜெனரேட்டர் ஓட்டினா டீசல் காசே ஜாப் ஒர்க் கூலியைத் தின்னுடும். பல் டாக்டர், ஸ்கூல் மீட்டிங், பேங்க், எல்லாத்தையும் அந்த அரை நாள்ல தள்ளுங்க. ஆனா 2 மணிக்கு ஆளை வரச்சொல்லாதீங்க. கரண்ட் நாலுக்கு வந்தாலும் கூலி 2லிருந்துதான்.

மாம்பலம் மாவுக்கடை
எங்க லைன்ல தூக்கத்தைக் கெடுக்கிறது விடிகாலை 3 மணி அரவை. அதை சாயங்காலம் 5க்கு மாத்தலாம், ஃப்ரிட்ஜைச் சரியா பயன்படுத்தினா.

இட்லி அரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு. அரிசியை மதியம் 12 மணிக்கே ஊறப்போடுங்க. உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும், ஐஸ் தண்ணி தெளிச்சுதான் அரைக்கணும். இல்லன்னா கல்லு சூட்டுல மாவு வெதுவெதுன்னு வரும், அப்பவே புளிக்க ஆரம்பிச்சிடும். அடுத்து எல்லாரும் பண்ற தப்பு, 20 லிட்டர் டிரம்மை அப்படியே ஃப்ரிட்ஜ்ல தள்ளுறது. ஓரம் சில்லுன்னு இருக்கும், கையை நடுவுல விட்டா சூடு தெரியும். விடிஞ்சா ஒரே டிரம்ல மேலே ஒரு ருசி, உள்ளே ஒரு ருசி. அகலமான 5 லிட்டர் பாத்திரங்கள்ல நாலு விரல் உயரத்துக்கு மேல போகாம பிரிச்சு வைங்க. பொங்க இடமும் விடணும். மே மாசத்துல ராத்திரி ஒன்பதரைக்கு வெளியே எடுத்தா விடிகாலை 5 மணிக்குப் பதமா இருக்கும். மார்கழியில ஃப்ரிட்ஜே வேண்டாம், அரைச்ச கையோட வெளியே விட்டுடலாம்.

பாக்கெட் வியாபாரம் காலை 9 மணிக்கு முடிஞ்சா சாயங்காலம் வரைக்கும் பொழுது உங்களுது. டிசம்பர்ல பல சபாக்கள்ல மதியக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது. மத்த நாள்ல மத்தியானத் தூக்கம். அதைச் சோம்பேறித்தனம்னு சொல்றவங்க 3 மணிக்கு எழுந்து அரைச்சுப் பார்க்கட்டும்.

கணக்கு பார்க்கிறவன்
க்யூஆர் அட்டை எந்தக் கணக்குல போய் விழுதுன்னு பாருங்க. பாதிப் பேருக்கு வீட்டு சேவிங்ஸ்லதான் விழுது. கடைக்காசும் காய்கறிக்காசும் கலந்துட்டா எவ்வளவு சம்பாதிக்கிறோம்னே தெரியாது, அந்தப் பயத்துலதான் ஞாயித்துக்கிழமையும் கடை திறக்கிறாங்க. கரண்ட் அக்கவுண்டுக்கு மாத்திட்டு, ஒண்ணாம் தேதி ஒரு தொகை வீட்டுக் கணக்குக்குத் தானாப் போற மாதிரி வைங்க. எவ்வளவுன்னா, கடந்த 12 மாசத்துல மிச்சம் குறைவா இருந்த மூணு மாசத்தோட சராசரி. தீபாவளி மாசத்தை வச்சு முடிவு பண்ணினா ஆடியில கை கடிக்கும். தனி உரிமையாளருக்கு இந்தச் "சம்பளம்" செலவுக் கணக்குல வராது, டிராயிங்ஸ்தான் (முதலாளி தன் காசை எடுக்கிறது). வரி கழியும்னு நினைச்சுடாதீங்க.

ஊருக்குப் போறதை மாசக் கடைசி வாரத்துல வைங்க. மாதாந்திர ஜிஎஸ்டின்னா ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) 11ஆம் தேதி, 3பி (வரி கட்டுற ரிட்டர்ன்) 20ஆம் தேதி. தவறினா நாளைக்கு 50 ரூபாய், வரியே இல்லாத நில் ரிட்டர்ன்னா 20. டர்ன்ஓவர் 5 கோடிக்குள்ளன்னா காலாண்டு முறைக்கு மாறலாம். ஆனா காலாண்டோட முதல் ரெண்டு மாசமும் வரியை 25ஆம் தேதிக்குள்ள கட்டியாகணும். ரிட்டர்ன்தான் மூணு மாசத்துக்கு ஒண்ணாச்சேன்னு வரியையும் விட்டுடுறாங்க, 18 சதவீத வட்டி ஏறுது.

அம்பத்தூர் லேத்
தலைவரே, பெரிய கம்பெனி 90 நாள் இழுத்தா ஒண்ணாம் தேதி சம்பளம் எங்கேருந்து போகும்?

கணக்கு பார்க்கிறவன்
உத்யம் நம்பரை, அதாவது சிறு தொழில் பதிவு எண்ணை, ஒவ்வொரு இன்வாய்ஸ்லயும் அச்சடிங்க. 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி அவங்க பணம் கொடுக்க, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லன்னா 15 நாள். கெடு தாண்டி மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்குக் கொடுக்காத பாக்கியை, கொடுக்கிற வருஷத்துலதான் செலவா காட்ட முடியும்னு 2023 ஏப்ரல்லேருந்து வருமான வரி விதி இருக்கு. அதனால பிப்ரவரியிலயே பாக்கிப் பட்டியலை அவங்க அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்புங்க, மார்ச்ல வருஷக் கணக்கு முடியுறதுக்குள்ள அவங்களே கூப்பிடுவாங்க. பணம் தரலைன்னு அரசு போர்ட்டல்ல புகார் கடைசி ஆயுதம், போட்டா அடுத்த ஆர்டர் வராமப் போகலாம்.

வாங்கி விக்கிறவங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. மாவுக்கடை அக்கா, நீங்க அரைச்சு விக்கிறதால உற்பத்தி. உத்யம் சான்றிதழ்ல "டிரேடிங்"னு விழுந்திருக்கான்னு ஒருமுறை பார்த்துடுங்க.