மரபணு ரிப்போர்ட்டால் கதவு மூடிய அனுபவம் உண்டா? எழுதுங்கள்

பாதிவாய்ப்பு:

நானே ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்கு ஹன்டிங்டன் நோய், மூளை நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் பரம்பரை நோய். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. என் பெயர்க் காரணம் அதுதான். நோய்க்குக் காரணமான மரபணுவை 1993-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் போதும், அந்த மரபணுவில் ஒரு துண்டு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணிச் சொல்வார்கள். 40 அல்லது அதற்கு மேல் என்றால் ஆயுள் இருக்கும்வரை தப்பிப்பது கடினம். நான் இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை. நோயை நினைத்து மட்டும் இல்லை, அந்தத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்று நினைத்தும்தான்.

மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்ட வரைவு பற்றிக் குழு ஒன்று பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. ஆளுக்கு மூன்று நிமிடம். வீட்டில் கடிகாரத்தை வைத்துப் பேசிப் பழகிக்கொண்டு போனேன். வாசலில் இருந்த அலுவலர் ஒரு தாளை நீட்டினார். பெயர், முகவரி, தொழில். "நீங்க பேசுறது முழுக்கப் பெயரோட பதிவாகும்மா, யார் வேணாலும் படிக்கலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். 'தொழில்' என்ற கட்டத்தில் என் பேனா நின்றுவிட்டது. தம்பி அப்போதுதான் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். நான் வாயைத் திறந்தால் அவனுடைய பாதி வாய்ப்பும் அதே பதிவில் ஏறிவிடும். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

குழுவில் ஒருவர் கேட்டார்: "இவ்வளவு பெரிய பிரச்சினை என்றால் பாதிக்கப்பட்டவர்கள் ஏன் இரண்டு பேர்தான் வந்திருக்கிறீர்கள்?" அதற்கான பதில் என் பையில் மடித்துக் கிடந்தது.

ஜன்னலோரம்:

அக்கா, என் கதையும் தாளில்தான் தொடங்குகிறது. சித்திக்கு மார்பகப் புற்றுநோய், பாட்டிக்குச் சினைப்பைப் புற்றுநோய். இந்த இரண்டு புற்றுநோய்களின் ஆபத்தையும் கூட்டும் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் பிஆர்சிஏ1 பரிசோதனைக்குப் போனேன். மரபணு ஆலோசகர் விளக்கிக்கொண்டே வந்தவர், திடீரென்று பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆயுள் காப்பீடு எடுத்திருக்கீங்களா? இல்லைன்னா முதல்ல அதை எடுத்துட்டு வாங்க" என்றார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. மருத்துவர் மருந்துதானே சொல்வார்!

கேட்கவில்லை. பரிசோதனை செய்தேன், மாற்றம் இருந்தது. சினைப்பைகளை எடுத்துவிட்டேன், மார்பக அறுவையும் ஆயிற்று. ஆபத்து பெருமளவு குறைந்துவிட்டது என்றார் மருத்துவர். ஒரு வருடம் கழித்து பாலிசிக்கு விண்ணப்பித்தேன். 'எப்போதாவது மரபணுப் பரிசோதனை செய்ததுண்டா?' என்றது படிவம். 'ஆம்' என்று டிக் செய்தேன். இரண்டே வரியில் மறுப்பு வந்தது. அறுவை பற்றி நான் இணைத்திருந்த நான்கு பக்கத்தைப் படித்ததற்கான அடையாளமே இல்லை. என் தங்கைக்கும் அதே பாட்டி, அதே சித்தி. அவள் பரிசோதனை செய்யவே இல்லை. அவளுக்குக் கேட்ட தொகைக்குப் பாலிசி கிடைத்தது.

பழைய ஏஜென்ட்:

கோபிக்காதீர்கள், நானும் அந்தப் பக்கத்தில் 20 வருடம் இருந்தவன். தனக்கு நோய் வரும் என்று ஒருவருக்கு மட்டும் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது என்றால் அவர் பெரிய தொகைக்கு எடுத்துவிடுவார். அந்தச் சுமை மற்றவர்கள் பிரீமியத்தில் ஏறும். இதையும் சட்டம் யோசிக்க வேண்டாமா?

பாதிவாய்ப்பு:

சரி சார், நியாயமான கேள்விதான். அதற்குத்தான் சில இடங்களில் வரம்பு வைக்கிறார்கள். பிரிட்டனில் நோய் வரும் முன் செய்யும் பரிசோதனைகளில் ஹன்டிங்டன் ஒன்றின் முடிவைத்தான் கேட்கலாம், அதுவும் 5 லட்சம் பவுண்டுக்கு மேலான ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும். (எங்கள் நோய்க்கு மட்டும் தனி மரியாதை, பாருங்கள்.) ஆஸ்திரேலியாவில் 2019-லிருந்து 5 லட்சம் டாலர் வரைக்கும் கேட்பதில்லை என்று நிறுவனங்களே ஒப்புக்கொண்டன. தாங்களே போட்ட விதியைத் தாங்களே கண்காணிப்பதா என்று ஆட்சேபம் எழுந்தது. 2024-ல் அரசு சட்டமாகவே தடை கொண்டுவருவதாக அறிவித்தது. கனடாவில் 2017-லிருந்தே தடை இருக்கிறது, காப்பீட்டு நிறுவனங்கள் கடையை மூடிவிட்டுப் போகவில்லை.

இரும்புப்பாதை:

வேலை பற்றி யாரும் எழுதவில்லையே. அமெரிக்காவில் ஒரு ரயில் நிறுவனம், மணிக்கட்டு வலி என்று நிவாரணம் கேட்ட தொழிலாளர்களின் ரத்தத்தை எடுத்து, அவர்களிடம் சொல்லாமலே மரபணுவைப் பார்த்தது. ஒரு தொழிலாளியின் மனைவி நர்ஸ். கை வலிக்கு எதற்கு ரத்தம் என்று அவர் சந்தேகப்பட்டதில்தான் வெளியே வந்தது. வழக்காகி 2002-ல் 22 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். அங்கே இதற்கான மசோதாவை லூயிஸ் ஸ்லாட்டர் என்ற பெண் எம்.பி. முதலில் கொண்டுவந்தது 1995-ல், சட்டமானது 2008-ல். கடைசியில் பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு ஓட்டு! அப்படியும் மருத்துவக் காப்பீடு, வேலை இரண்டும்தான் அதற்குள் வருகின்றன. ஆயுள் காப்பீடு வெளியே நிற்கிறது. 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமும் வெளியே. என் அலுவலகத்தில் நாங்கள் 9 பேர். அந்த 15 எங்கிருந்து வந்தது என்று அடிக்கடி யோசிப்பேன்.

மழைமேகம்:

க்ளைம் மறுப்பதிலும் இதே கதைதான். இதயத் தசை தடிக்கும் நோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்கு, 'மரபணுக் கோளாறுகளுக்குப் பணம் கிடையாது' என்ற விதியைக் காட்டிக் கைவிரித்த வழக்கு டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2018 பிப்ரவரியில், இவ்வளவு பொத்தாம்பொதுவான விலக்கு பாகுபாடுதான் என்று நீதிமன்றம் சொன்னது. யோசித்துப் பாருங்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் எல்லாவற்றிலும் பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. அந்த ஒரு வரியை விட்டுவைத்தால் எதற்குத்தான் பணம் தருவார்கள்?

ஜன்னலோரம்:

பாதிவாய்ப்பு அக்கா, அடுத்த அமர்வு எப்போது? நான் வருகிறேன். என் ரிப்போர்ட் ஏற்கெனவே கம்பெனி கோப்பில் கிடக்கிறது, புதிதாக இழக்க எதுவும் இல்லை. உங்கள் மூன்று நிமிடத்தை எழுதிக் கொடுங்கள், பெயர் இல்லாமல் நான் வாசிக்கிறேன்.

பாதிவாய்ப்பு:

கேட்டுப் பார்த்தேன். இன்னொருவருடைய கடிதத்தை வாசிக்கலாமாம், ஆனால் அதற்குத் தனி நேரம் கிடையாது, உங்கள் மூன்று நிமிடத்துக்குள்தான். உங்களுடையதைக் குறைக்காதீர்கள், அந்த இரண்டு வரி மறுப்பு கட்டாயம் இருக்கட்டும். என்னுடையதை ஒரு நிமிடமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் கை நடுக்கம் பற்றிய பகுதி போய்விட்டது. அந்த அலுவலரும் தாளும் மட்டும் இருக்கிறார்கள். தம்பியிடம் நேற்று சொல்லிவிட்டேன். "பேரு போடலைன்னா சரி" என்றான், அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.